பம்பைப் பழுது பார்க்கலாம், டேங்கை?

 

இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அவருடைய கணவர் வளைகுடாவிலிருந்து திரும்பியதும், கையிலிருந்த சேமிப்பைக் கொண்டு நெடுஞ்சாலையோரம் டயர் பஞ்சர் கடை வைத்தார். கடை தொடங்கி பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அன்று வாங்கிய கம்ப்ரஸர்தான் இன்றும் ஓடுகிறது. 3 குதிரைத்திறன் மோட்டார், 220 லிட்டர் டேங்க். அண்மைக் காலமாக டேங்க் நிரம்ப அரை மணி நேரம் ஆகிறதாம். பார்க்க வந்த மெக்கானிக், "பம்ப் போய்விட்டது, புதிய பம்ப் போட வேண்டும்" என்று கூறியிருக்கிறார். டேங்கின் அடியில் ஊசி முனையளவு ஓட்டை ஒன்றும் விழுந்திருக்கிறது. அதை வெல்டிங் வைத்து அடைத்துவிடலாம், அதற்குப் பெரிய செலவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். பம்ப் வாங்குவதற்காகச் சகோதரியின் இரு வளையல்களைக் கேட்கிறார்களாம். "கொடுப்பதா, வேண்டாமா? எனக்கு இந்த இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரியே, விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். மெக்கானிக் சொன்னதை அப்படியே தலைகீழாகத் திருப்பிக் கொள்ளுங்கள். போய்விட்டது என்கிற பம்ப் பெரும்பாலும் பிழைத்துக் கொள்ளக்கூடியது. அடைத்துவிடலாம் என்கிற டேங்க்தான் போய்விட்டது. வளையலைக் கழற்றுவதற்கு முன்னால் கம்ப்ரஸரின் சுவிட்சை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த டேங்கில் இனி ஒரு நாள்கூடக் காற்று நிரப்பலாகாது.

நான் பொறியியல் பயின்றவனல்லன். கலைக்கல்லூரியில் பட்டம் பெற்று, மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வருபவன். எனினும் எங்கள் மதரஸா இருக்கும் தெருவிலேயே கம்ப்ரஸர் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். அஸருக்குப் பின் அங்கே சென்று அமர்வது என் வழக்கம். கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் சொன்னவற்றை ஏட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பஞ்சர் கடை மட்டுமன்று. வண்டிக்குப் பெயின்ட் அடிப்பவர், வாட்டர் சர்வீஸ் நடத்துபவர், மரவேலைப் பட்டறை வைத்திருப்பவர் என நம் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பு இந்த இயந்திரத்தை நம்பித்தான் எரிகிறது. ஆகையால் அனைவரும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

கம்ப்ரஸர் என்பது இரண்டு பொருள்கள் சேர்ந்தது. மேலே இருப்பது பம்ப். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறியிறங்கி, வெளிக்காற்றை இழுத்து, நெருக்கித் தள்ளுகிறது. கீழே படுத்திருப்பது டேங்க். அது அசைவதில்லை, தேய்வதில்லை, ஓசையும் எழுப்புவதில்லை. ஆதலின் நம் கவனமெல்லாம் மேலே இரைச்சலிடும் பம்பின் மீதே செல்கிறது. ஓசையின்றிக் கிடக்கும் டேங்கை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் பம்ப் பழுதானால் வேலை நிற்கும், அவ்வளவுதான். டேங்க் பழுதானால் அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

முதலில் பம்பைப் பார்ப்போம்.

பம்பின் உயிர்நாடி வால்வு. சிலிண்டரின் மேல்மூடியாகிய ஹெட்டுக்குக் கீழே இருக்கும் வால்வு பிளேட்டில் மெல்லிய எஃகுத் தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். பிஸ்டன் கீழே இறங்கும்போது ஒரு தகடு திறந்து காற்றை உள்ளே விடும். மேலே ஏறும்போது அது மூடிக்கொண்டு, மற்றொரு தகடு திறந்து காற்றை டேங்குக்கு அனுப்பும். காற்றை ஒரே திசையில் செல்ல விடும் கதவு என்று இதைச் சொல்லலாம். இந்தக் கதவின் வரலாறு பழையது. அல்ஜஸரீ என்னும் அறிஞர் 1206-ஆம் ஆண்டில் நிறைவு செய்த இயந்திரக் கலை நூலில், இரண்டு சிலிண்டர்கள் எதிரெதிராக இயங்கி நீரை இறைக்கும் பம்ப் ஒன்றைப் படத்துடன் விளக்கியிருக்கிறார். அதிலும் இத்தகைய ஒருவழிக் கதவுகளே வேலை செய்கின்றன. நம் பஞ்சர் கடையில் இரைவது அந்த வம்சத்தின் பிள்ளை என்றால் மிகையாகாது.

நிமிடத்திற்கு 800 சுற்றுச் சுற்றும் பம்பில் ஒவ்வொரு தகடும் நிமிடத்திற்கு 800 முறை திறந்து மூடும். நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 2 லட்சம் முறை! அதற்குமேல், காற்றை நெருக்கும்போது உண்டாகும் கடும் வெப்பத்தில் எண்ணெய் கருகி, கரியாகத் தகட்டில் படிகிறது. கரி படிந்த தகடு முழுமையாக மூடாது. நெருக்கிய காற்று வந்த வழியே திரும்பிவிடும். டேங்க் நிரம்பத் தாமதமாவதற்கு முதற்பெரும் காரணம் இதுதான். ஹெட்டைக் கழற்றி, கரியைச் சுரண்டிக் கழுவி, தகடுகளையும் கேஸ்கட்டையும் மாற்றினால் பல பம்புகள் பழைய வேகத்திற்குத் திரும்பிவிடுகின்றன. ஒருநாள் வேலை. செலவும் புதிய பம்பின் விலையோடு ஒப்பிட்டால் சிறு தொகையே.

சகோதரியின் வீட்டு இயந்திரத்தையே கணக்கிட்டுப் பார்ப்போம். 3 குதிரைத்திறன் பம்ப் நிமிடத்திற்கு ஏறத்தாழ 250 லிட்டர் வெளிக்காற்றை இழுத்துத் தரும். 220 லிட்டர் டேங்கில் 10 கிலோ அழுத்தம் ஏற 2,200 லிட்டர் காற்று வேண்டும். அதாவது 9 நிமிடத்தில் நிரம்ப வேண்டியது. இப்போது 30 நிமிடம் ஆகிறது. ஆகவே வரவேண்டிய காற்றில் மூன்றில் இரண்டு பங்கு எங்கோ போய்விடுகிறது. எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் பம்ப் போய்விட்டது என்பது, நாடி பிடித்துப் பாராமலே மருந்து எழுதுவதற்கு ஒப்பாகும்.

"ஹஜ்ரத், காத்து எந்த வழியாப் போகுதுன்னு பாக்காம கழட்டவே கூடாது. காதும் கையும் போதும், பாதி நோயைச் சொல்லிடலாம்" என்றார் பெரியவர். அவர் கூறிய சோதனைகள் கடைக்காரரே செய்யத்தக்கவை. டேங்க் நல்ல நிலையில் இருப்பவர்கள் மட்டுமே காற்றை ஏற்றி இவற்றைச் செய்யுங்கள். சகோதரியின் வீட்டில் புதிய டேங்க் வந்த பிறகுதான்.

டேங்கை நிரப்பி, மெயின் சுவிட்சை அணைத்து, காற்று வெளிச்செல்லும் குழாயையும் மூடிவிட்டு, கேஜைப் பார்த்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. இணைப்புகள் யாவற்றிலும் சோப்பு நுரையைத் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும். இதை அற்பமாக எண்ணிவிட வேண்டாம். 1 மில்லிமீட்டர் துளை வழியே 7 கிலோ அழுத்தத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 லிட்டர் காற்று வெளியேறும். இந்தப் பம்ப் தருவதில் கால் பங்கு! மின்கட்டணமும் அதற்கேற்பக் கூடும்.

மோட்டார் நின்றவுடன் பிரஷர் சுவிட்சின் அருகே 'புஸ்' என்று ஓசை எழும்பிச் சில நொடிகளில் அடங்க வேண்டும். பம்புக்கும் டேங்குக்கும் இடையிலுள்ள குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றி, அடுத்தமுறை மோட்டார் சுமையின்றிக் கிளம்புவதற்கான ஏற்பாடு அது. அடங்காமல் சீறிக்கொண்டே இருந்தால் டேங்கின் வாயிலுள்ள நான்-ரிட்டர்ன் வால்வு மூடவில்லை என்று பொருள். உள்ளங்கையளவுப் பொருள்தான் அது. இதற்காகப் பம்பையே மாற்றியவர்களும் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பெரியவர் சிரித்தார்.

ஓடும்போது ஏர் ஃபில்டரின் முன்னால் கையை வைத்துப் பாருங்கள். காற்றை உள்ளே இழுக்க வேண்டுமே தவிர வெளியே தள்ளலாகாது. தள்ளினால் உறிஞ்சும் வால்வு உடைந்துவிட்டது. இரண்டு சிலிண்டர் இருவேறு அளவில் உள்ள பம்பாயின், நடுவே குளிர்விக்கும் குழாயிலுள்ள சிறிய சேஃப்டி வால்வு அடிக்கடி பீய்ச்சுகிறதா என்று கவனியுங்கள். பீய்ச்சினால் சிறிய சிலிண்டரின் வால்வில்தான் குறை. எண்ணெய் ஊற்றும் வாயருகே உள்ள மூச்சுத்துளையில் புகை தள்ளி, டயருக்குச் செல்லும் காற்றிலும் எண்ணெய் வாடை வீசினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. ரிங் மாற்றுவது வால்வு மாற்றுவதை விடச் சற்றுக் கூடுதல் செலவு. ஆயினும் அதுவும் பழுதுதான், மரணமன்று.

சில வேளை குற்றம் பம்பிலும் இருப்பதில்லை. டயரைத் தேய்க்கும் ரப்பர்த் தூள் பறக்கும் மூலையில், சுவரோடு ஒட்டி இயந்திரத்தை வைத்திருப்பார்கள். ஃபில்டரோ பல மாதங்களாகக் கழற்றித் தட்டப்படாமல் அடைத்துப் போயிருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னால் எவர்தான் ஓடுவார்? பெல்ட் தளர்ந்து வழுக்குவதும் உண்டு. இன்னொன்றையும் பெரியவர் குறிப்பிட்டார். த்ரீ பேஸ் மோட்டாரில் வயரைக் கழற்றி மாட்டும்போது இரண்டு வயர் இடம் மாறினால் ஃப்ளைவீல் எதிர்ப்புறம் சுற்றும். காற்றும் ஏறும், யாருக்கும் தெரியாது. ஆனால் ஃப்ளைவீலின் இறக்கைகள் சிலிண்டர் மீது காற்று வீசுவதற்கு மாறாக வெளிப்புறம் வீசும். பம்ப் கொதித்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கெடும். ஃப்ளைவீலின் மேலோ அதன் மூடியிலோ அம்புக்குறி போட்டிருக்கிறார்களே, அது அழகுக்கன்று.

சிங்கிள் பேஸ் மோட்டார் உறுமிக்கொண்டே நின்றால் உடனே காயில் கட்டக் கொடுத்துவிடாதீர்கள். கண்டென்சர் பலமிழந்திருக்கலாம், மெல்லிய வயரில் தூரத்திலிருந்து மின்சாரம் இழுத்திருக்கலாம், மேலே சொன்ன குழாய்க் காற்று வெளியேறாமல் பிஸ்டனின் தலையில் உட்கார்ந்திருக்கலாம்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயைக் கம்ப்ரஸருக்கு ஊற்றுகிற சிக்கனம் நம் கடைகளில் வெகு சாதாரணம். வால்வில் படியும் கரிக்குப் பெருங்காரணம் அந்தச் சிக்கனம்தான். கம்ப்ரஸருக்கென்றே விற்கும் எண்ணெயைக் கண்ணாடியிலுள்ள குறியளவுக்கு ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றினாலும் கேடே.

இத்தனையும் பம்பைப் பற்றியது. இதில் எதுவும் உயிர்ப் பிரச்சினையன்று. இனி டேங்கைப் பற்றிக் கூறுகிறேன். சகோதரிகள் இதைத் தம் கணவன்மாருக்கும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினால் மகிழ்வேன்.

நம் கடலோர ஊர்களின் காற்றில் ஈரம் மிகுதி. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் வரை நீர் ஆவியாகக் கலந்திருக்கும். அந்தக் காற்றை நெருக்கிக் குளிரவிட்டால், அந்த நீரில் பெரும்பகுதியைத் தாங்க அதற்கு இடமில்லை. கன மீட்டருக்கு 20 கிராம் வரை நீராகப் பிரிந்துவிடும். இந்த 3 குதிரைத்திறன் பம்ப் நான்கு மணி நேரத்தில் 60 கன மீட்டர் காற்றை இழுக்கிறது. கணக்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் மேலான நீர்! அதில் ஒரு பகுதி காற்றோடு டயருக்குள் போகலாம். மீதி டேங்கின் அடியில் தங்கும். இதற்காகத்தான் அடிவயிற்றில் டிரெய்ன் காக் வைத்திருக்கிறார்கள். அதை நாள்தோறும் கடை மூடுமுன் திறந்துவிட வேண்டும். நடப்பது என்ன? சாவி உடைந்து, அந்த இடத்தில் ஒரு போல்ட்டை முறுக்கி அடைத்திருப்பார்கள். பல ஆண்டு நீர் உள்ளேயே கிடந்து, இரும்பை உட்புறமாக அரிக்கும். வெளியே பெயின்ட் புதுப் பெண்ணாக மின்னும்.

அந்த ஊசிமுனை ஓட்டை எப்படி வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும். அது ஆணி குத்தி விழுந்த ஓட்டையன்று. டேங்கின் அடித்தகடு முழுதும் உள்ளிருந்து மெலிந்து கொண்டே வந்து, முதலில் அற்றுப்போன இடம் அது. அதைச் சுற்றியுள்ள தகடு காகிதமாக இருக்கிறதா, அட்டையாக இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து எவரும் அறிய முடியாது. டயரில் விழுந்த பஞ்சரை ஒட்டுவது போல் இதையும் எண்ணிவிடுகிறார்கள். வெல்டிங் வைக்கும்போது அந்த மெலிந்த தகடு சூட்டில் மேலும் பலவீனமடையும். உள்ளே படிந்திருக்கும் எண்ணெய் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. அடைத்த பின் ஓட்டை மறைந்துவிடுவதால், எச்சரிக்கையும் மறைந்துவிடுகிறது. ஆகவே அந்தச் சிறு துளையைப் பகையாக எண்ணாமல், முன்கூட்டியே வந்து சொன்ன தூதாக எண்ணுங்கள்.

அழுத்தத்தின் வலிமை எத்தகையது? 10 கிலோ என்று கேஜ் காட்டுவது, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 10 கிலோ எடையாகும். 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள டேங்கின் பக்கவாட்டு மூடியை உள்ளிருக்கும் காற்று ஏறத்தாழ 16 டன் விசையுடன் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. டேங்க் திடீரெனப் பிளந்தால் வெளிப்படும் ஆற்றல், ஒரு டன் எடையை 30 மீட்டர் உயரத்திற்குத் தூக்கி எறியப் போதுமானது. பத்து மாடிக் கட்டிடத்தின் உயரம் அது. தகட்டின் கனம் பாதியானால் அது தாங்க வேண்டிய இழுவிசை இருமடங்காகும், கால்வாசியானால் நான்கு மடங்காகும். கடையில் அந்த டேங்கின் மேலேயே துணி காயப்போட்டு, பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து வாப்பாவுக்குக் கூடமாட உதவும் பிள்ளையாகவும் இருக்கலாம்.

பெரிய தொழிற்சாலைகளுக்கு இந்த விஷயத்தில் சட்டம் காவலிருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 31-ஆவது பிரிவில், அழுத்தத்துடன் இயங்கும் கலன்களில் பாதுகாப்பான அளவுக்கு மேல் அழுத்தம் ஏறாதிருக்க ஏற்பாடு வேண்டும் என வகுத்தது. தகுதி பெற்றவரைக் கொண்டு காலாகாலத்தில் சோதிக்கும் விதிகளும் உண்டாயின. ஒரு முதலாளியும் ஒரு பையனுமாக நடக்கும் நம் பஞ்சர் கடைகளை நாடி எந்தப் பரிசோதகரும் வந்ததில்லை. எனவே அந்தச் சோதனையை நாமே செய்துகொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

சோதனை என்றால் காற்றை நிரப்பி வெடிக்கிறதா என்று பார்ப்பதன்று! டேங்க் முழுவதும் நீரை நிரப்பி, உள்ளே காற்று சிறிதும் இல்லாமல் வெளியேற்றி, கைப்பம்பினால் நீரின் அழுத்தத்தை ஏற்ற வேண்டும். வழக்கமாக ஓடும் அழுத்தத்தைவிட அதிகமாக, பெயர்த் தகட்டில் குறித்துள்ள சோதனை அளவு வரை ஏற்றிப் பார்ப்பார்கள். நீர் நெருங்கிச் சுருங்கும் இயல்புடையதன்று. ஆதலின் டேங்க் கிழிந்தாலும் நீர் வழியுமே தவிர வெடித்துச் சிதறாது. தகட்டின் கனத்தை வெளியிலிருந்தே அளந்து காட்டும் கையடக்கக் கருவிகளும் இப்போது உண்டு. தொழிற்பேட்டைகளில் விசாரித்தால் செய்து கொடுப்பவர் கிடைப்பர். டிரெய்ன் காக்கைத் திறந்தால் வரும் நீரும் ஓரளவு சேதி சொல்லும். செந்நிறமாகத் துருச் செதில்களோடு வந்தால் காலம் தாழ்த்தாதீர்கள். ஆனால் ஓட்டை விழுந்த டேங்குக்கு இந்தச் சோதனை எதுவும் தேவையில்லை. அதன் தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.

டேங்கின் மேல் பித்தளையில் வளையம் மாட்டிய சேஃப்டி வால்வு ஒன்று இருக்கும். பிரஷர் சுவிட்ச் பழுதாகி மோட்டார் நிற்காமல் ஓடினால், கூடுதல் காற்றைத் திறந்துவிடும் கடைசிக் காவலாளி அதுதான். வாரம் ஒருமுறை வளையத்தை இழுத்து, அது சீறுகிறதா என்று பார்க்க வேண்டும். அடிக்கடி சீறித் தொல்லை தருகிறது என்று அதைக் கழற்றிவிட்டு போல்ட் போட்டு அடைத்த கடைகளும் உண்டென்று பெரியவர் சொன்னபோது என் உடல் சிலிர்த்தது.

ஆகையால் சகோதரியே, உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் வழி இது. டேங்க் மட்டும் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கிறது. பம்பும் மோட்டாரும் உட்காரும் தகட்டுடன் சேர்த்தே செய்திருப்பார்கள். வாங்கும்போது பெயர்த் தகட்டில் ஓடும் அழுத்தம், சோதித்த அழுத்தம், தயாரித்த ஆண்டு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, சோதனைச் சான்றையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சந்தில் தகட்டை வளைத்து ஒட்டித் தரும் மலிவான டேங்க் வேண்டவே வேண்டாம். உங்கள் பழைய பம்பையும் மோட்டாரையும் அதன்மேல் ஏற்றி, வால்வும் கேஸ்கட்டும் மாற்றி, தேவைப்பட்டால் ரிங்கும் மாற்றி, நிரம்பும் நேரத்தைக் குறித்து வையுங்கள். 10 நிமிடத்திற்குள் நிரம்பினால் பம்ப் இன்னும் பல காலம் உழைக்கும். டிரெய்ன் காக்கிலிருந்து ஒரு சிறு குழாயை முன்பக்கம் வரை நீட்டி, அங்கே வால்வு பொருத்தச் சொல்லுங்கள். குனிந்து கைவிட்டுத் தேட வேண்டியிருப்பதால்தான் பலர் அதைத் திறப்பதில்லை. இரவு அவர் வீடு திரும்பியதும், சோறு வைக்குமுன் "தண்ணியைத் திறந்து விட்டீங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எழுதினீர்களே, அது ஒன்று தெரிந்தால் போதும்.

இவ்வளவுக்கும் இரண்டு வளையல்கள் தேவைப்படுமா என்பது ஐயமே. ஒன்றே போதுமாகலாம். உங்கள் ஊர் ஜமாஅத்தில் வட்டியில்லாக் கடன் தரும் ஏற்பாடு இருந்தால் அதுவும் வேண்டியதில்லை.

எப்போதுதான் முழு இயந்திரத்தையும் புதிதாக வாங்குவது என்று சிலர் கேட்கலாம். கிராங்கின் பேரிங் தேய்ந்து பம்ப் உள்ளே தட்டுகிற ஓசை கேட்டாலோ, சிலிண்டரில் ஆழக் கீறல் விழுந்தாலோ, உதிரிபாகம் கிடைக்காத மாடலாக இருந்தாலோ, பழுது பார்க்கும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தொட்டாலோ வாங்கிவிடுவதே நன்று. தொழில் வளர்ந்து விட்டாலும் அப்படித்தான். இருசக்கர வண்டிக்கும் காருக்கும் காற்றடிக்க 40 பவுண்டு போதும். அவ்வளவே வேலை என்றால் பிரஷர் சுவிட்சை 10 கிலோவில் வைத்திருப்பதே வீண். 7 கிலோவாகக் குறைத்தால் மின்சாரமும் மிச்சம், டேங்குக்கும் ஓய்வு. லாரி டயருக்கோ 100 பவுண்டுக்கு மேல் வேண்டும். 120 பவுண்டு என்றால் ஏறத்தாழ எட்டரை கிலோ. அதற்கு இரண்டு கட்டமாக நெருக்கும் பம்ப்தான் ஏற்றது. நட்டுக் கழற்றும் காற்றுத் துப்பாக்கி வாங்கிவிட்டால் காற்றின் அழுத்தத்தைவிட அளவு மிகுதியாக வேண்டியிருக்கும். பிஸ்டன் பம்ப் ஓய்வின்றி ஓடப் பிறந்ததன்று; நாள் முழுதும் நிற்காமல் ஓடினால் உங்களுக்கு அது சிறிதாகிவிட்டது என்றே பொருள். எண்ணெய் தேவையில்லாத, தூக்கிச் செல்லத்தக்க சிறு கம்ப்ரஸர்களும் மலிவாக வருகின்றன. எப்போதோ ஒருமுறை கதவுக்குப் பெயின்ட் அடிக்க அவை நல்லவை. பஞ்சர் கடைக்குக் குதிரைக்குப் பதில் ஆட்டுக்குட்டியைப் பூட்டுவது போலாகும்.

பழைய கம்ப்ரஸர் வாங்குவோர் பம்பின் ஓசையைக் கேட்டு மயங்காமல், முதலில் டேங்கின் வயதைக் கேளுங்கள். பெயர்த் தகடு பிடுங்கப்பட்டிருந்தாலும், அடியில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலும், வெல்டிங் தழும்பு தென்பட்டாலும் விலகி வந்துவிடுங்கள். விற்பவருக்கும் ஒன்று. பொருளின் குறையை மறைத்து விற்பது மார்க்கம் தடுத்த வியாபாரம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே மறைக்கப்படும் குறை வாங்கியவரின் உயிரைத் தொடுவது.

சகோதரியின் வீட்டுப் பழைய டேங்கை எடைக்குப் போடும்போது, அதை முழுதாகத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம். காற்றையும் நீரையும் முற்றிலும் வெளியேற்றி, வால்வுகளையெல்லாம் கழற்றிவிட்டு, டிரில்லிங் மெஷினால் உடம்பில் நாலைந்து இடத்தில் பெரிய துளைகளாகப் போட்டுவிட்டுக் கொடுங்கள். இல்லையேல் அது பெயின்ட் பூசிக்கொண்டு வேறோர் ஊரில், வேறொருவர் கடையில் போய் அமர்ந்துவிடும். துளை போட்டால் பழைய இரும்புக் கடைக்காரர் விலையைக் குறைப்பார். குறைத்துக் கொள்ளட்டும்.